சீமைக்கருவேலம்: கரிமூட்டத்துக்குக் கொடுப்பதா, பலகையாக அறுப்பதா?

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம், கள்ளிக்குடி, காரியாபட்டிப் பக்கம் தரிசு நிலத்தைத் திருத்துகிற யாருக்கும் இந்தக் கேள்வி வரும். ஜேசிபி வைத்து சீமைக்கருவேல முள்ளைப் பிடுங்கியாயிற்று. தூர் ஒரு பக்கம், கிளை ஒரு பக்கம் கிடக்கிறது. பெரும்பாலும் கை கனமுள்ள குச்சிகள்தான். ஆனால் வரப்போரமோ கிணற்றோரமோ வெட்டுப்படாமல் நின்ற நாலைந்து பழைய மரங்கள் மட்டும் அடிமரம் நன்றாகத் திரண்டிருக்கின்றன. கரிமூட்டக்காரர் வந்து எல்லாவற்றையும் சேர்த்து டன் கணக்கில் விலை பேசுகிறார். மொத்தமாகத் தள்ளிவிடலாமா, அந்த நாலைந்தை மட்டும் ஒதுக்கிப் பலகையாக அறுக்கலாமா?

ஒதுக்கி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அதை வைத்து வாசல் கதவு செய்யலாம், பீரோ செய்யலாம் என்ற எண்ணம் இருந்தால் தயங்காமல் கரிக்கே கொடுத்துவிடலாம். கட்டை என்ற அளவில் இது நாம் காசு கொடுத்து வாங்குகிற பல மரங்களை விட உயர்ந்தது. குறையெல்லாம் அது கிடைக்கிற அளவிலும் வளைசலிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் ஒரு கூட்டம் இதை வெறும் விறகு என்கிறது, இன்னொரு கூட்டம் தேக்குக்கு மாற்று என்று கிளம்புகிறது.

முதலில் கட்டையின் தரத்தைப் பார்ப்போம். டெக்சாஸில் மெஸ்கீட் என்ற பெயரில் வளர்வது இதே புரோசோபிஸ் பேரினத்து மரம், நம்முடையதன் நெருங்கிய உறவு. அங்கே அதில் நாற்காலி, மேஜை, தரைக்கட்டை எல்லாம் செய்கிறார்கள். அர்ஜென்டினாவில் அல்கரோபோ என்று இன்னொரு உறவு மரம்; அதுவும் நாற்காலி, மேஜைக்குப் பேர்போனது. டெக்சாஸ் மரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். காய்ந்த கட்டை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 820 கிலோ. தேக்கு சுமார் 650. நம் கணக்கில் சொன்னால் ஒரு கன அடி மெஸ்கீட் 23 கிலோ, தேக்கு 18 கிலோவுக்குச் சற்று மேல். கடினத்தை அளக்க, 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதிவரை கட்டைக்குள் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். தேக்குக்கு ஆவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மெஸ்கீட்டுக்கு ஆகிறது.

கனமும் கடினமும் யாரும் எதிர்பார்ப்பதுதான். கோடாலி போட்டவர்களுக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது இது காயும்போது எவ்வளவு சுருங்குகிறது என்பது. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை தேக்கு மொத்தப் பருமனில் 7 சதவீதம் போலச் சுருங்கும். மெஸ்கீட் 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய அகலவாக்கில் பார்த்தால் தேக்கு 5.3 சதவீதம், மெஸ்கீட் 3.2. அதாவது பத்து அங்குலப் பச்சைப் பலகை தேக்கில் 13 மில்லிமீட்டர் குறையும் இடத்தில் இதில் 8 மில்லிமீட்டர்தான் குறையும். நம் ஊரில் இதற்கு மதிப்பு அதிகம். சித்திரை வெயிலில் காய்ந்து ஐப்பசி ஈரத்தில் ஊறி மறுபடி காய்கிற ஊர் இது. மூட்டு விடுவதும், இழுப்பறை மழைக்காலத்தில் சிக்கிக்கொள்வதும், முக்காலிக் கால் ஆடுவதும் இந்த ஏறி இறங்கும் ஈரத்தால்தான். இவ்வளவு கடினமான மரம் இவ்வளவு அசையாமல் இருப்பது அபூர்வம். கடின மரம் என்றாலே முறுக்கிக்கொள்ளும் என்று பழகியவர்களுக்கு இது நம்பவே முடியாத குணம்.

வைரத்தின், அதாவது அடிமரத்தின் உள்ளே இருக்கும் கருத்த, முற்றிய கட்டையின் நிறத்தையும் சொல்ல வேண்டும். அறுத்த உடனே மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டு நாளாக ஆகச் செம்பழுப்பாக இறங்கும். இழைப்புளி ஓட்டி எண்ணெய் தேய்த்த இடத்தில் ரேகை அலை அலையாக எழும்பும். கணு இருக்கும் இடத்தில் சுழியாகச் சுற்றும். முள்வேலியில் நிற்கும்போது இந்த அழகு உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த மரத்தின் மேல் இருக்கும் மரியாதையில் பாதி இந்த நிறத்துக்கானது.

இனி அளவு. ஓர் அடி விட்டமுள்ள அடிமரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இங்கே அதுவே பெரிய மரம். பட்டையையும் அதற்குள் இருக்கும் வெளிர் நிறக் கட்டையான வெள்ளையையும் கழித்தால் வைரம் எட்டு அங்குல வட்டம் நிற்கலாம். அந்த வட்டத்துக்குள் சதுரமாக வெட்டினால் ஐந்தரை அங்குலச் சட்டம்தான் வரும். பலகையாக அறுத்தால் நடுவில் வருவதுதான் அகலமானது, ஏழு அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆனால் அதன் மத்தியில் குருத்து, அதாவது மரத்தின் நட்ட நடுத்தண்டு ஓடும். குருத்தை உள்ளே வைத்தால் பலகை நீளவாக்கில் வெடிக்கும், ஆகவே அதையும் கிழித்து எடுக்க வேண்டும். மிஞ்சுவது மூன்று அங்குல அகலத்தில் இரண்டு பட்டை. மற்றப் பலகைகள் விளிம்பை நோக்கிப் போகப் போகக் குறுகும். நீளமோ, வளைசல் இல்லாமல் மூன்றடி நேராக இருந்தால் நல்ல மரம் என்று கும்பிட வேண்டும். தரையிலிருந்தே மூன்று நாலு கிளையாகப் பிரிகிற சாதி இது. வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்த்ததென்றால் இன்னும் மோசம்.

கரிக்காக வளர்ப்பவர்கள் சில வருடத்துக்கு ஒரு முறை வெட்டிவிடுகிறார்கள். அந்த வயதில் வைரம் பாய்ந்திருக்காது, முக்கால்வாசி வெள்ளையாக இருக்கும். அதை அறுப்பது வீண் கூலி. வெட்டுமுகத்தைப் பார்த்தாலே முடிவு தெரியும்: கருத்த வட்டம் குறுக்களவில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும்; வளையங்களுக்கு நடுவே பிளவோ, உள்ளே மடிந்த பட்டையோ இருந்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற மரங்களோடு ஒப்பிடுவோம்.

வேம்பு நம் பக்கத்தில் நிலைக்கும் ஜன்னலுக்கும் கதவுக்கும் வழிவழியாகப் போடுகிற மரம். விலை எட்டும். பத்து, பன்னிரண்டு அங்குலப் பலகை தாராளமாகக் கிடைக்கும். கசப்பு இருப்பதால் வைரத்தில் பூச்சி அவ்வளவாக ஏறாது. இழை பின்னலாக இருப்பதால் இழைப்புளி ஓட்டும்போது சில இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஒரே பக்கமாகத் தள்ளாமல் திருப்பித் திருப்பி இழைக்க வேண்டும். நிலை, கதவு, கட்டில் சட்டம் என்று நீளமும் அகலமும் கேட்கிற வேலை எதுவானாலும் வேம்பு முன்னால் நிற்கும். சீமைக்கருவேலம் அந்தப் பந்தயத்திலேயே இல்லை.

நாட்டுக்கருவேலத்தைப் பெயர் ஒற்றுமையால் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ விரல் நீளக் கதிர். காய் வெளிர் மஞ்சளில் இனிப்பாக இருக்கும், ஆடு தின்று ஊரெல்லாம் விதைக்கும். நாட்டுக்கருவேலம் ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போட்ட மரம். அடி தாங்கும், அதிர்ச்சி தாங்கும். மண்வெட்டிக் கணை, கோடாலிக் காம்பு போல ஓங்கி அடிக்கிற சாமானுக்கு நான் அதையேதான் எடுப்பேன். சீமைக்கருவேலத்திலும் கணை போடுகிறார்கள், உழைக்கவும் செய்கிறது. ஆனால் நேரான ரேகை உள்ள துண்டு கிடைத்தால் மட்டும். ரேகை வளைந்து விளிம்பில் வெளியேறும் துண்டு என்றைக்காவது அங்கேயே முறியும். நாட்டுக்கருவேலம் கண்மாய்க்குள் வளர்த்து ஏலம் விடுவதால் கிடைப்பதும் சிரமமில்லை.

பூவரசு இவை எல்லாவற்றையும் விட வேலைக்கு இதமானது. உளிக்கு வணங்கும், இழைத்தால் வழவழப்பாக வரும், வைரம் கருஞ்சிவப்பு. தண்ணீருக்கும் பயப்படாது. நல்ல பூவரசு கிடைக்குமானால் சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஆனால் வயதான மரம் பல நேரம் உள்ளே பொந்தாக இருக்கும், சாலையோரத்திலும் கிணற்றோரத்திலும் இருந்ததெல்லாம் குறைந்துவிட்டது.

கறிக்கடைக் கட்டைக்குப் புளி. அதில் விவாதமே வேண்டாம். அகன்ற வட்டம் முழுசாகக் கிடைக்கிறது, கத்தி பட்டுப் பட்டு சிராய் எழும்பாது. சீமைக்கருவேலத்தில் அந்த அகலம் ஒரே துண்டில் வராது.

தேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்ச் சத்து, கரையான் எதிர்ப்பு, உளிக்கு இசைவு எல்லாம் தெரிந்ததே. கடினத்தில் மட்டும் தேக்கு பின்னால் நிற்கிறது. மேஜை விளிம்பு நசுங்குவதும், நாற்காலிக் கால் நுனி தேய்வதும் அதனால்தான். அலமாரி, கிச்சன் கப்போர்டு என்றால் பிளைவுட் வாங்குங்கள். எட்டுக்கு நாலு ஷீட்டில் கிடைக்கும் பரப்பை மூன்று அங்குலப் பட்டைகளை ஒட்டி எட்ட முயல்வது நேரத்துக்கும் பசைக்கும் கேடு.

அப்படியானால் சீமைக்கருவேலம் எங்கே ஜெயிக்கிறது? குட்டையான, தடித்த, கை பட்டுக்கொண்டே இருக்கும், தேய்மானம் அதிகமுள்ள பொருள்களில். உளிப்பிடியும், மரச் சுத்தியலான கொட்டாப்புளியும் முதலாவது. ஐந்தங்குலச் சட்டம் கொட்டாப்புளித் தலைக்குப் போதும். அந்தக் கனமே அடிக்கு வலு. சப்பாத்திக் கட்டை, மத்து, கதவுக் கைப்பிடி, துணி மாட்டும் முளை, முக்காலிக் கால் எல்லாம் கடைசல் வேலை. கடைசல் பட்டறையில் இந்த மரத்தின் குணம் முழுசாக வெளிப்படும். கூரான உளி வைத்தால் வெட்டு பளபளவென்று வரும், உப்புத்தாள் தேய்க்கும் வேலை பாதியாகக் குறையும். பல்லாங்குழிக்கும் இது பொருந்தும்: இரண்டாக மடிக்கிற பலகையில் ஒரு பாதிக்கு ஏழு குழி, அகலம் ஐந்தங்குலம், நீளம் ஒன்றரை அடி போதும். முத்து விழுந்து விழுந்து குழி தேயாது.

முக்காலி செய்வதானால் மேல் பலகையை மூன்று அங்குலப் பட்டைகள் நாலு ஒட்டிச் செய்ய வேண்டும். சுருக்கம் குறைவு என்பதால் ஒட்டு விடாது. பசை நன்றாகப் பிடிக்கும் மரம் இது. ஆணி மட்டும் அடிக்காதீர்கள், பிளந்துவிடும். ஸ்க்ரூ போட்டாலும் முன்கூட்டியே துளை போட வேண்டும்.

நான் அதிகம் பரிந்துரைக்கும் உபயோகம் ஒன்று உண்டு. பிளைவுட் மேஜைக்கும் அலமாரித் தட்டுக்கும் விளிம்பில் ஒட்டுகிற பீடிங். கடையில் வாங்கும் மெல்லிய மரப் பீடிங் ஓர் இடி பட்டால் நசுங்கி உள்ளே இருக்கும் அடுக்கு தெரியும். முக்கால் அங்குலத்துக்கு முக்கால் அங்குலம் சீமைக்கருவேலப் பட்டையை ஒட்டினால் இரும்பு பெட்டி இடித்தாலும் தாங்கும். மூன்றடி நீளம் போதாத இடத்தில் சாய்வாக வெட்டி இரண்டை இணைக்கலாம். குட்டைத் துண்டின் குறையும் தெரியாது, பிளைவுட்டின் மலிவும் கெடாது.

அறுப்பதுதான் பெரிய தலைவலி. அறுவை மில்லில் இதைக் கொண்டுபோய் இறக்கினாலே முகம் சுளிப்பார்கள். "இதை அறுக்குற வாளை மறுபடி தீட்டுறதுக்குள்ள நான் ரெண்டு வேம்பை அறுத்துப் போட்டுருவேன் தம்பி" என்று ஒரு மில்காரர் என்னிடம் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டை கடினம், பட்டை இடுக்கில் மண் ஏறியிருக்கும், மண் வாளைத் தின்றுவிடும். வேலியில் நின்ற மரமானால் உள்ளே கம்பியோ ஆணியோ புதைந்திருக்கலாம். ஆகவே மில்லுக்குக் கொண்டுபோகும் முன்பே பட்டையை முழுசாக உரித்து, கழுவி, கம்பி கட்டிய அடையாளம் உள்ள துண்டுகளைக் கழித்துவிடுங்கள். இரண்டரை, மூன்றடித் துண்டுகளாகவே வெட்டிக்கொண்டு போனால் வளைசலும் குறையும். சொந்தமாகச் சின்ன பேண்ட் சா வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் அதுதான் உத்தமம். துண்டு சிறிது என்பது அங்கே குறையாகாது.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும், குத்திய இடம் வீங்கும், நுனி உள்ளே முறிந்து நின்றால் சீழ் வைக்கும். கிளை கழிக்கும் வேலையைப் பழகியவர்களிடம் விடுங்கள். அறுக்கும் தூளும் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் எரிச்சல் தரும், முகக்கவசம் கட்டாயம்.

காயவைப்பதில் இந்த மரம் நம் பக்கம். சுருக்கம் குறைவாக இருப்பதால் முறுக்கலும் குறைவு. ஆனால் வெட்டுமுகத்தை அப்படியே வெயிலில் விட்டால் முனையிலிருந்து வெடிக்கும். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் பழைய பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ பூசுங்கள். அறுத்த பலகைகளுக்கு நடுவே ஒரே கனத்தில் குச்சிகள் வைத்து, நிழலில், காற்றோடும் இடத்தில் அடுக்க வேண்டும். காய்ந்ததா என்று கண்டுபிடிக்க எடை போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒரு பலகையை ஒதுக்கி மாதம் ஒரு முறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் வேலைக்கு எடுக்கலாம்.

வண்டுதான் அடுத்த எதிரி. வெள்ளையில் இருக்கும் மாவுச் சத்துக்காக அது ஏறும். பலகைக்கு அடியில் நைசான மாவு கொட்டிக் கிடந்தால் ஏறிவிட்டது என்று அர்த்தம். தேய்பிறையில் வெட்டினால் வண்டு விழாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் நம்புவது வெள்ளையை முழுசாகக் கழித்துவிடுவதை. அழகுக்காக வெள்ளை விளிம்பு வேண்டுமென்றால் வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கலாம். சமையல் சாமானுக்கு அந்த வேலை வேண்டாம், வைரத்தை மட்டும் எடுங்கள். மேல்பூச்சுக்கு மற்றவற்றுக்கு ஆளிவிதை எண்ணெய், சப்பாத்திக் கட்டைக்கு லேசாகத் தேங்காய் எண்ணெய் போதும். வார்னிஷ் பூசி அந்த நிறத்தை மறைக்க வேண்டியதில்லை.

பணக் கணக்கு என்று பார்த்தால், கரிக்குப் போகிற விலையில் அந்த நாலைந்து கட்டைகளின் பங்கு மிகக் கொஞ்சம். டன் கணக்கில் எடை ஏற்றுவது குச்சியும் தூரும்தான். ஒதுக்குவதால் பெரிய நஷ்டம் கிடையாது. செலவு முழுவதும் அறுவைக் கூலியிலும் உங்கள் உழைப்பிலும் இருக்கிறது. உழைப்புக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்து விற்க நினைக்கிறவருக்கு கடைசல் சாமான் ஒன்றில்தான் கட்டுப்படியாகும். வீட்டுக்குச் செய்கிறவருக்கு அந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் கண்மாய்க்குள் நிற்கும் மரத்தில் கை வைக்காதீர்கள். அது பொதுச் சொத்து, ஏலம் எடுத்தவருக்கு உரியது. அவரிடமே பேசி அடிமரத்தை மட்டும் தனியாக வாங்கலாம்.

இவ்வளவு நல்ல கட்டை என்றால் பலகைக்கென்றே வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். 1870-களில் இந்தியாவுக்கு வந்த மரம் இன்று இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வரை கண்மாயையும் ஓடையையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. 2022-இல் தமிழக அரசு ஆக்கிரமித்துப் பரவும் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. மேலே வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்காவிட்டால் துளிர்க்கும். கரிமூட்டத்தையே நம்பி வாழ்கிற குடும்பங்கள் இருப்பதால் இது ஒரே நாளில் ஒழியப் போவதில்லை. எப்படியும் வெட்டப்படும் மரத்திலிருந்து நல்ல துண்டை மட்டும் காப்பாற்றுவது ஒன்று, அதற்காக நிலத்தை அதனிடம் விட்டுவைப்பது வேறு.

திருத்திய நிலத்தில் மரம் வேண்டுமென்றால் வரப்போரம் வேம்பு வையுங்கள். தண்ணீர் நிற்கும் தாழ்வான மூலையில் நாட்டுக்கருவேலம் தாங்கும். கிணற்றோரத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் பூவரசு. அதற்கு நாற்றுக்கூட வாங்க வேண்டாம், மழை தொடங்கும்போது கை கனத்தில் ஒரு போத்தை வெட்டி ஊன்றினாலே வேர் பிடித்துவிடும்.